காட்டுக்குள்ள வேட்டையைத் தடுக்க, கையில இருக்கிற கொஞ்சக் காசுக்கு எந்த வயர்லெஸ்?

கையில மூணரை லட்சம் ரூபாய் இருக்கு. நாங்க ஏழெட்டுப் பேர் ரெண்டு வருஷமா மாசா மாசம் போட்டுச் சேர்த்த காசு. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல ஒரு ரேஞ்ச் (வனச்சரகம்), அதுல அஞ்சு வேட்டைத் தடுப்பு முகாம், ஒவ்வொரு முகாமிலும் நாலஞ்சு வாட்சருங்க, பெரும்பாலும் பக்கத்து மலைக் கிராமத்துப் பசங்கதான், தொகுப்பூதியத்துல வேலை பார்க்கிறவங்க. இவங்களுக்கு உருப்படியா என்ன வாங்கிக் கொடுக்கலாம்னு வனத்துறை ஆளுங்ககிட்ட அனுமதி வாங்கி நாலு மாசம் சோதனை பண்ணிப் பார்த்தோம். இதே மாதிரி யோசிச்சிட்டு இருக்கிற வேற குரூப்புக்கும் உதவும்னுதான் எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணைச் சொல்லிடறேன், ஏன்னா நாங்களே இதைப் புரிஞ்சிக்க ரெண்டு மாசம் ஆச்சு. எந்தக் கருவி எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு விலைன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி வேற. அலர்ட் வந்ததுக்கு அப்புறம் ஒரு ஆள் அந்த இடத்துக்கு நடந்து போய்ச் சேர எத்தனை நிமிஷம் ஆகும்? எங்க காட்டுல ராத்திரியில 2 கிமீ நடக்க முக்கால் மணி நேரம் ஆகும், நடுவுல யானைக் கூட்டம் நின்னா அவ்வளவுதான், விடியற வரைக்கும் காத்திருக்கணும். போய்ச் சேரவே முடியாத இடத்துலருந்து ரெண்டு நொடியில அலர்ட் வந்தாலும் அதை வச்சு என்ன பண்றது? நாங்க எல்லா ஆப்ஷனையும் இந்த ஒரு கேள்வியை வச்சுத்தான் எடை போட்டோம்.

அடுத்தது, எந்த வேட்டையைத் தடுக்கப் போறோம்ங்கிறது. ஆப்பிரிக்கா செய்தியில வர்ற மாதிரி ஹெலிகாப்டர், சைலன்சர் துப்பாக்கி எல்லாம் இங்க இல்ல. வெளி மாநிலத்துலருந்து கும்பலா வந்து புலியைக் குறி வைக்கிறதும் நடக்குது, 2023ல நீலகிரியில அப்படி ஒரு வழக்குல ஆளுங்க பிடிபட்டாங்க. ஆனா எங்க ரேஞ்சுல தினப்படி பிரச்சனை கண்ணிதான். பைக் கிளட்ச் கேபிள்ல பண்ற சுருக்கு. மானுக்கும் காட்டுப்பன்னிக்கும் வச்சது, சிறுத்தை மாட்டும், கரடி மாட்டும். அதுக்கப்புறம் அவுட்டுக்காய், நாட்டு வெடியைப் பழத்துல பொதிச்சு வைக்கிறது, பன்னிக்கு வச்சதை யானைக்குட்டி கடிச்சு வாய் சிதறி வாரக்கணக்குல பட்டினி கிடந்து சாகும். அதைக் கண்ணால பார்த்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க.

கண்ணியோட அளவு எவ்வளவுன்னு தெரியணும்னா தென்கிழக்கு ஆசியாவைப் பாருங்க. கம்போடியாவுல தெற்குக் கார்டமம் காட்டுல மட்டும் 2010லருந்து 2015க்குள்ள ரோந்து ஆளுங்க பிடுங்கின கண்ணி 1,09,217. கம்போடியா, லாவோஸ், வியட்நாம் மூணு நாட்டுப் பாதுகாக்கப்பட்ட காடுகள்ல 1.23 கோடி கண்ணி இருக்கலாம்னு வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூடபிள்யூஎஃப் 2020ல கணக்குச் சொல்லுச்சு. ஒரு கம்பித் துண்டு தரையில கிடக்கிறதை எந்த ரேடியோவும் கண்டுபிடிக்காது, அதை ஆள் நடந்து போய்க் காலால துழாவித்தான் எடுக்கணும். ஆனா கண்ணி வைக்கிற ஆளுக்கு ஒரு கட்டாயம் இருக்கு, அவன் வைக்க ஒரு தடவை வரணும், மாட்டியிருக்கான்னு பார்க்க மறுபடி வரணும், இல்லன்னா கறி அழுகிடும். அதனால ஒரே தடத்துல ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா வருவான். வயர்லெஸ் உதவுறது இங்கதான். கம்பி கண்ணுக்குத் தெரியாது, ஆனா கம்பிக்காரன் நடக்கிற பாதை தெரியும்.

சரி, ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

வாக்கி டாக்கி பத்தி அதிகம் சொல்லத் தேவையில்ல. வனத்துறையில விஎச்எஃப் செட் ஏற்கெனவே இருக்கு, மலை மேல சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பற ரிப்பீட்டர் இருக்கு, எல்லாருக்கும் பேசத் தெரியும், அவசரத்துக்கு அதை மிஞ்ச ஒண்ணுமில்ல. குறை என்னன்னா பேசினாத்தான் தெரியும், பேச முடியாத நிலையில ஒருத்தன் விழுந்து கிடந்தா அவன் எங்க இருக்கான்னு செட் சொல்லாது. அப்புறம் சாதாரண அனலாக் செட்ல பேசறதை அதே அலைவரிசையில செட் வச்சிருக்கிற யாரும் கேட்கலாம். லைசென்ஸ் துறை பேர்ல இருக்கிறதால நாங்க வாங்கிக் கொடுக்கவும் முடியாது. ஆனா இதை எடுத்துட்டு வேற ஒண்ணு வைக்கிறதுங்கிற பேச்சுக்கே இடமில்ல, பேட்டரி மட்டும் புதுசா வாங்கிக் கொடுத்தாலே பெரிய உதவி. மூணு முகாம்ல பழைய பேட்டரி ரெண்டு மணி நேரம்கூடத் தாங்கல.

அடுத்தது 4ஜி கேமரா. சிம் போட்ட டிரெயில் கேமரா, மரத்துல கட்டிட்டா சூடான உடம்பு எதுவும் குறுக்க போனா படம் எடுத்து மொபைலுக்கு அனுப்பிடும். எல்லாருக்கும் முதல்ல இதுதான் பிடிக்கும், எங்களுக்கும் பிடிச்சது, ஏன்னா ஆள் முகமே படத்துல வருது, கோர்ட்டுக்கும் ஆதாரம் ஆகும். இது வேலை செய்யுதுன்னு காட்டின இடம் தான்சானியாவுல செரெங்கெட்டியை ஒட்டின குருமேட்டி. அங்க ரிசால்வ்ங்கிற அமைப்பு டிரெயில்கார்டுன்னு ஒரு கேமராவை வச்சுப் பார்த்ததுல 30 வேட்டைக்காரங்க பிடிபட்டாங்க, 590 கிலோ கறி கைப்பற்றினாங்க. அப்புறம் 2019ல இன்டெல் சிப்பைப் போட்டு அடுத்த வெர்ஷன் கொண்டு வந்தாங்க. அந்த சிப் கேமராவுக்குள்ளயே உட்கார்ந்து இது மனுஷனா, மிருகமா, வெறும் இலை ஆட்டமான்னு பிரிச்சு, தேவையான படத்தை மட்டும் அனுப்பும். கேமராத் தலை விரல் அளவுதான், அதை மரப்பட்டையில ஒளிச்சிட்டு, பேட்டரியும் ரேடியோவும் இருக்கிற பெட்டியைத் தள்ளி வேற இடத்துல வச்சிடலாம். இந்தியாவுலயும் கன்ஹா பென்ச் வழித்தடத்துலயும் துத்வாவுலயும் வச்சாங்க, ஒடிசாவுல சிமிலிபால்ல அதை வச்சு நிறையப் பேரைப் பிடிச்சிருக்காங்க.

அந்த உள்ள இருக்கிற சிப் ஏன் முக்கியம்னு எங்களுக்கு அனுபவத்துலதான் தெரிஞ்சது. நாங்க வாங்கினது சாதாரண 4ஜி கேமரா. சித்திரை வெயில்ல தரையே உடம்பு சூட்டுக்கு வந்துடுது, உண்ணிச்செடிக் கிளை ஒண்ணு காத்துல ஆடினா போதும், ஒரு நாள்ல 400 படம். டேட்டா தீர்ந்துச்சு, எட்டு பேட்டரி 11 நாள்ல தீர்ந்துச்சு, அதைவிட மோசம், ரேஞ்ச் ஆபீஸ்ல படம் பார்க்கிற தம்பி மூணாவது நாளே பார்க்கிறதை நிறுத்திட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், 400ல 398 செடின்னா யாரா இருந்தாலும் நிறுத்திடுவாங்க. கேமராவை வடக்குப் பார்த்துத் திருப்பி, முன்னாடி செடியை வெட்டி, சாயங்காலம் ஆறுலருந்து காலை ஏழு வரைக்கும் மட்டும் ஓடற மாதிரி செட் பண்ணினதுக்கு அப்புறம்தான் ஒரு நாளைக்கு பத்துப் பன்னெண்டு படம்னு அடங்குச்சு. ஒரு கேமராவை யானை பிடுங்கிப் போட்டுடுச்சு, இன்னொண்ணுல எறும்பு கூடு கட்டிடுச்சு.

4ஜியோட அடிப்படைச் சிக்கல் டவர். எங்க அஞ்சு முகாம்ல ரெண்டுக்குத்தான் சிக்னல் கொஞ்சமாவது எட்டும், அதுவும் காட்டு ஓரம். உள்காட்டுல சுத்தமா கிடையாது. ஆனா யோசிச்சுப் பார்த்தா ஓரம்தான் ஆள் உள்ள நுழையற இடம், அங்க படம் கிடைச்சா போய்ச் சேர ரோடு இருக்கு, பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல ஜீப் போகும். அந்த முதல் கேள்விக்கு இங்க நல்ல பதில் இருக்கு.

இங்க ஒண்ணை நிறுத்திச் சொல்லியாகணும். கேமரா மிருகத்தை மட்டும் பார்க்கிறதில்ல. கார்பெட் புலிகள் காப்பகத்துல கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் பண்ணின ஆய்வு 2024ல வெளிவந்தது. விறகு பொறுக்க, புல் அறுக்கக் காட்டுக்குப் போற பொம்பளைங்களை அந்த கேமராக்களும் டிரோன்களும் எப்படிப் பயமுறுத்துச்சுன்னு அதுல இருக்கு. மனநலம் சார்ந்த பாதிப்பு இருக்கிற ஒரு பொண்ணு இயற்கை உபாதைக்கு ஒதுங்கினப்போ கேமராவுல விழுந்த படம் வாட்ஸ்அப்ல சுத்தினதையும், ஊர்க்காரங்க கோபத்துல பக்கத்துல இருந்த கேமராக்களை உடைச்சதையும் படிச்சப்போ எனக்கு ஒரு நாள் முழுக்க வேற எதுலயும் மனசு போகல. நம்ம காட்டுலயும் நெல்லிக்காய், தேன், சீமார்புல் எடுக்கப் போறது மலைவாழ் மக்களோட உரிமை, 2006 வன உரிமைச் சட்டம் கொடுத்த உரிமை. அதனால நாங்க முடிவு பண்ணினது, கேமரா எங்க வைக்கிறோம்னு (மரம் எதுன்னு இல்ல, எந்தப் பகுதின்னு) கிராமசபையில சொல்லிடணும், பொம்பளைங்க புழங்கற ஓடைக்கரை, ஒதுங்கற இடம் எதுலயும் வைக்கக் கூடாது, ஆள் படம் ரேஞ்ச் ஆபீஸ்ல ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் போகக் கூடாது, வாட்ஸ்அப் குரூப் கண்டிப்பா கூடாது. இதுக்கு ஒத்துக்கலன்னா கேமராவே வேண்டாம்னு சொல்லிட்டோம். ஒத்துக்கிட்டாங்க.

இப்போ லோரா. நான் அதிகம் நேரம் போட்டது இதுலதான்.

லோராங்கிறது பிரான்ஸ்ல ஒரு சின்ன கம்பெனி கண்டுபிடிச்ச ரேடியோ முறை, 2012ல செம்டெக்ங்கிற அமெரிக்க சிப் கம்பெனி அதை வாங்கிடுச்சு. விசில் அடிக்கிறப்போ சத்தம் கீழருந்து மேல வழுக்கிட்டுப் போகுமே, அது மாதிரி அலைவரிசையை வழுக்க வச்சு அனுப்பறதுதான் தத்துவம். இரைச்சலுக்கு அடியில புதைஞ்சு போன சிக்னலைக்கூட அந்த வழுக்கலை வச்சு ரிசீவர் தோண்டி எடுத்துடும். அதனால ரொம்பக் குறைஞ்ச பவர்ல ரொம்ப தூரம் போகும். இந்தியாவுல 865லருந்து 868 மெகாஹெர்ட்ஸ் பேண்டுல லைசென்ஸ் இல்லாமலே பயன்படுத்தலாம், அதிகபட்சம் 1 வாட். இதுதான் எங்களை மாதிரி ஆளுங்களுக்குப் பெரிய கதவு, சிம் வேண்டாம், மாசக் கட்டணம் வேண்டாம். காட்டுக்குள்ள வைக்கத் துறை அனுமதி மட்டும் கண்டிப்பா வேணும்.

அதுக்கு விலையாக் கொடுக்கிறது வேகம். மெதுவான செட்டிங்ல நொடிக்கு 300 பிட் கூட வராது. 100 கேபி படம் ஒண்ணை அதுல அனுப்பணும்னா விடாம முக்கால் மணி நேரம் அனுப்பிட்டே இருக்கணும், அதுவரைக்கும் வேற யாரும் அந்த சேனல்ல பேச முடியாது. அதனால லோராவுல படம், குரல் எதுவும் நினைக்காதீங்க. "நான் 14ஆம் நம்பர், இங்க இருக்கேன், பேட்டரி இவ்வளவு" இதுக்குத்தான் அது, அந்த ஒரு வரிக்கு அதைவிட மலிவா ஒண்ணும் கிடையாது. தூங்கற நேரத்துல மைக்ரோ ஆம்பியர் கணக்குலதான் கரண்ட் எடுக்கும், பேட்டரியைத் தின்கிறது பெரும்பாலும் கூட இருக்கிற ஜிபிஎஸ்தான், அடர்ந்த மரத்துக்குக் கீழ சாட்டிலைட் தேடித் தேடி அது கரண்டைக் குடிக்கும்.

தூரம் பத்தி விக்கிறவங்க சொல்றதைக் கேட்டுக் காசு கொடுக்காதீங்க. 2017ல பலூன்ல கட்டிவிட்ட லோரா 702 கிமீ எட்டுச்சு, உண்மைதான், ஆனா வானத்துக்கும் தரைக்கும் நடுவுல மரமும் மலையும் கிடையாது. எங்க சோதனையில மொட்டைப் பாறை மேல கேட்வே (எல்லாக் கருவியோட சிக்னலையும் வாங்கற பெட்டி) வச்சோம், கீழ முள்ளுக்காட்டுச் சமவெளியில 11 கிமீ தள்ளி நின்ன ஜீப்லருந்து சுத்தமா வந்துச்சு. அதே பாறைலருந்து 1.8 கிமீல இருக்கிற ஓடைப் பள்ளத்துல இறங்கினதும் ஒண்ணுமே வரல, நடுவுல ஒரு சின்ன மேடுதான். மழை பெஞ்சு இலையெல்லாம் நனைஞ்சிருந்தப்போ இன்னும் குறைஞ்சது. ஆன்டெனா எவ்வளவு உசரம், எந்தப் பள்ளம் பார்க்குதுங்கிறதுதான் எல்லாம், கருவி எந்த பிராண்டுங்கிறது ரெண்டாம்பட்சம்.

இதைப் பெரிசா பண்ணிக் காட்டின இடம் ருவாண்டாவுல அககேரா தேசியப் பூங்கா. சுமார் 1,120 சதுர கிமீ. 2017ல அங்க பூங்கா முழுக்க லோராவை வச்சு ஓடற லோராவான் நெட்வொர்க் போட்டு வண்டி, கேட், ரோந்து ஆளுங்க எல்லாத்தையும் ஒரே மேப்ல கொண்டு வந்தாங்க, அதே வருஷம்தான் தென்னாப்பிரிக்காவுலருந்து கருப்புக் காண்டாமிருகத்தையும் திரும்பக் கொண்டு வந்து விட்டாங்க. தான்சானியாவுல காண்டாமிருகத்தோட கொம்புல சின்னத் துளை போட்டு லோரா சென்சாரையே உள்ள வச்சாங்க. இதைப் படிச்சிட்டு லோரா வந்ததாலதான் அககேரா பிழைச்சதுன்னு நினைச்சிடாதீங்க. 2010லயே ஆப்பிரிக்கன் பார்க்ஸ் அமைப்பு ருவாண்டா அரசோட சேர்ந்து நிர்வாகத்தை எடுத்தாச்சு, 2013ல மேற்கு எல்லையில 120 கிமீ வேலி போட்டாச்சு, மோப்ப நாய்ப் பிரிவு வந்தாச்சு, சுத்தியிருக்கிற ஊர்ப் பசங்களுக்கு வேலை கொடுத்தாச்சு, 2015ல சிங்கம் வந்தாச்சு, அதுக்கெல்லாம் அப்புறம்தான் இந்த ரேடியோ. கால் வைக்க ஆளு முதல்ல, ஆண்டெனா அப்புறம். எங்க ஊர்ல நிறைய டோனர்ங்க இதைத் தலைகீழா யோசிக்கிறாங்க.

லோராவுலயே ரெண்டு வழி இருக்கு, இதுல குழம்பாத ஆளே இல்ல. ஒண்ணு லோராவான், உசரத்துல ஒரு கேட்வே, எல்லாக் கருவியும் அதுகிட்ட மட்டும் பேசும், கேட்வேலருந்து ரேஞ்ச் ஆபீஸுக்கு நெட் வேணும். மொட்டைப் பாறைலருந்து ஆபீஸ் நேராத் தெரிஞ்சா 5 கிகா வைஃபை டிஷ் ஒரு ஜோடி போட்டு இழுத்துடலாம், ஆபீஸ்ல ஒரு சின்ன கம்ப்யூட்டர்ல சர்வர் ஓட்டினா வெளி இன்டர்நெட்டே தேவையில்ல. இன்னொண்ணு மெஷ்டாஸ்டிக் மாதிரி மெஷ், கேட்வேயே கிடையாது, ஒரு பெட்டி சொன்னதை அடுத்த பெட்டி வாங்கி அடுத்ததுக்குச் சொல்லும், போன்ல புளூடூத் வழியா மெசேஜ் அடிக்கலாம். மெஷ் விலை கம்மி, பெட்டி ஒண்ணு ரெண்டாயிரத்துலருந்து நாலாயிரத்துக்குள்ள முடியும், முகாமுக்கு முகாம் "ரெண்டு பேர் டார்ச்சோட ஓடைப்பக்கம் போறாங்க"ன்னு சத்தமில்லாம மெசேஜ் அனுப்பலாம், அந்த சத்தமில்லாததுதான் வாட்சருங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது, வாக்கி டாக்கி கரகரன்னா எதிராளிக்கும் கேட்கும் இல்லையா. ஆனா மெஷ்ல எல்லாப் பெட்டியும் அடுத்தவன் மெசேஜுக்காக முழிச்சிருக்கணும், அதனால பேட்டரி சீக்கிரம் தீரும், அம்பது அறுபது கருவி சேர்ந்தா நெரிசல் ஆகிடும். வருஷக்கணக்கா மரத்துல கிடக்க வேண்டிய சென்சாருக்கு லோராவான், ஆளுக்கு ஆள் பேச மெஷ், இப்படித்தான் நாங்க பிரிச்சோம். மெஷ்டாஸ்டிக்ல வாங்கினப்போ இருக்கிற சேனல் சாவி (மெசேஜைப் பூட்டற ரகசியக் குறி) உலகத்துக்கே தெரிஞ்ச சாவி, முதல் வேலையா அதை மாத்துங்க, மாத்தலன்னா வாட்சர் நிக்கிற இடத்தை நீங்களே ஒலிபரப்பற மாதிரி.

லோராவுல நாங்க வச்சுப் பார்த்ததுல ரொம்பப் பிரயோஜனமா இருந்தது காந்த சென்சார். பழைய கூப்பு (மரம் ஏத்தற) ரோட்டோரம் மண்ணுல புதைச்சிட்டா பைக்கோ ஜீப்போ போனா இரும்பு நகர்றதை உணர்ந்து ஒரு வரி அனுப்பும். இலை ஆட்டத்துக்கு அலர்ட் கிடையாது, மானுக்குக் கிடையாது, யானைக்கும் கிடையாது. முகம் தெரியாது, அதனால யார் மானத்துக்கும் பிரச்சனை இல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு அந்த ரோட்ல பைக் போகக் காரணமே இல்லங்கிறப்போ ஒரு அலர்ட்டே போதும். நாலு மாசத்துல மொத்தம் 9 அலர்ட், 6 எங்க ஜீப்பேதான், 3 வெளி பைக், அதுல ஒருத்தரைத்தான் நிறுத்த முடிஞ்சது, அவர்கிட்ட கம்பிச் சுருள் இருந்துச்சு. கேமராவோட 400 படத்துக்குப் பக்கத்துல இந்த 9ஐ வச்சுப் பாருங்க.

சாட்டிலைட் பத்திச் சுருக்கமா. இரிடியம்ங்கிற கம்பெனி 66 சாட்டிலைட்டை வச்சு உலகம் முழுக்க எட்டும், ஆப்பிரிக்காவுல யானை கழுத்துல மாட்டற, இடம் காட்டற காலர் நிறைய அதுலதான் ஓடுது, டவரோ மலையோ எதையும் பத்திக் கவலையில்ல. ஆனா மெசேஜுக்கு மெசேஜ் காசு. அதோட இந்தியாவுல அரசு அனுமதி இல்லாம சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசஞ்சர் எதுவும் கையில வச்சிருக்கிறதே குற்றம், வெளிநாட்டுலருந்து வர்றவங்க தெரியாம கொண்டு வந்து ஏர்போர்ட்ல மாட்டியிருக்காங்க. நல்ல எண்ணத்துல வாங்கி வாட்சர் கையில கொடுத்து அவர் மேல கேஸ் வந்தா யார் பதில் சொல்றது? எங்க லிஸ்ட்ல இது இல்ல.

ஒலியைக் கேட்கிற கருவியும் பார்த்தோம். ரெயின்ஃபாரஸ்ட் கனெக்‌ஷன்னு ஒரு அமைப்பு பழைய செல்போனைச் சுத்தி சோலார் பேனல் வச்சு மரத்து உச்சியில கட்டி, இந்தோனேசியா சுமத்ராவுல மரம் அறுக்கிற ரம்பச் சத்தத்தைப் பிடிச்சுக் காட்டினாங்க. அருமையான யோசனை. ஆனா ரம்பம் மணிக்கணக்கா ஓடும், துப்பாக்கி ஒரே ஒரு தடவை வெடிக்கும், எங்க ஊர்லயோ எல்லையோரத் தோட்டங்கள்ல பன்னியை விரட்டப் பட்டாசு போட்டுட்டே இருப்பாங்க. எது பட்டாசு எது நாட்டுத் துப்பாக்கின்னு பிரிக்கிறது கஷ்டம், கண்ணிக்கோ சத்தமே கிடையாது. அந்தப் போனும் டவர் இருந்தாத்தான் அனுப்பும். மரக்கடத்தல் பிரச்சனை இருக்கிற காட்டுக்கு இதை நான் சிபாரிசு பண்ணுவேன், எங்களுக்கு வேண்டாம்.

மிருகத்துக்கே காலர் போட்டுடலாமேன்னு கேட்கிறவங்க உண்டு. யானை ஊருக்குள்ள வர்றதை அறிய அது நல்லது, வேட்டைத் தடுப்புக்கு எனக்குப் பெரிய நம்பிக்கை இல்ல. மயக்க மருந்து, டாக்டர், அனுமதின்னு செலவு ஒரு பக்கம். மான் கூட்டத்துக்கு எத்தனை காலர் போடுவீங்க? அதைவிட, காலரே காட்டிக் கொடுக்கலாம். 2013ல மத்தியப் பிரதேசத்துல பன்னா புலியோட ஜிபிஎஸ் விவரம் வர்ற இமெயிலை வேற எங்கிருந்தோ திறக்க முயற்சி நடந்துச்சு, புனேலருந்துன்னு தெரிய வந்தது. பழைய விஎச்எஃப் காலர்னா இன்னும் சுலபம், ரிசீவர் வச்சிருக்கிற யாரும் பீப் சத்தத்தைப் பிடிச்சு மிருகத்துகிட்ட போயிடலாம். தென்னாப்பிரிக்காவுல க்ரூகர் தேசியப் பூங்கா பக்கத்துல ஒரு தனியார் காப்பகத்துல 2015ல சிஸ்கோவும் டைமென்ஷன் டேட்டாவும் சேர்ந்து பண்ணினப்போ எடுத்த முடிவு எனக்குச் சரின்னு படுது, மிருகத்தைத் தொடாதே, உள்ள வர்ற போற மனுஷனையும் வண்டியையும் கவனி. அவங்க செலவு நமக்குக் கட்டாது, வேலி முழுக்க சென்சார், வைஃபை, சிசிடிவி. க்ரூகர்ல ரேடார் வரைக்கும் போனாங்க. 2014ல தென்னாப்பிரிக்கா 1,215 காண்டாமிருகத்தை இழந்துச்சு, இவ்வளவுக்கும் அப்புறம் 2024லயும் 420 போயிருக்கு.

நம்ம பக்கத்துலயே கோவை மதுக்கரையில ரயில் பாதைக்கு 12 கோபுரத்துல தெர்மல் கேமரா வச்சாங்க, 2024 பிப்ரவரியில தொடங்கினது, 7 கோடிக்கு மேல செலவு. அது வேட்டைக்கு இல்ல, யானை ரயில்ல அடிபடாம இருக்க. ஆனா அதுல ஒரு பாடம் எடுத்துக்கிட்டேன், அலர்ட் போற இடத்துல ரயில் டிரைவர்னு ஒரு ஆள் இருக்கார், அவர் கையில வேகத்தைக் குறைக்கிற கட்டுப்பாடு இருக்கு. நிமிஷக் கணக்குல செய்யக்கூடிய ஒரு வேலை அலர்ட்டோட முடிச்சுப் போடப்பட்டிருக்கு.

அதை மனசுல வச்சு எங்க மூணரை லட்சத்தைப் பிரிச்சோம். லோராவான் கேட்வே ரெண்டு, சோலார், பேட்டரி, கம்பம், இடிதாங்கி, வைஃபை டிஷ் எல்லாம் சேர்த்து 1,10,000. வாட்சருங்களுக்கு மெஷ் பெட்டி 12, தண்ணி புகாத டப்பா, அவசர பட்டனோட 48,000. காந்த சென்சார் 6, 30,000. சிக்னல் எட்டற ஓரத்துல 4ஜி கேமரா 4, 72,000. பேட்டரி, சிம், ரிப்பேருக்கு 60,000 தனியா, தொடவே கூடாதுன்னு எழுதி வச்சிட்டோம், ஏன்னா போன தடவை வேற ஒரு இடத்துல இப்படி ஒரு நன்கொடைக் கருவி ஒரு பேட்டரி மாத்தக் காசில்லாம ஒரு வருஷம் மரத்துல தொங்கினதைப் பார்த்திருக்கோம். மிச்சம் 30,000ல நல்ல பூட்ஸ், ஹெட்லைட், வாக்கி டாக்கி பேட்டரி.

இதுல ஒரு வாக்குவாதம் நடந்துச்சு. ரெண்டு நண்பர்கள் கேமராவை எட்டாக்கி மெஷ் பெட்டியைக் குறைக்கலாம்னாங்க, படம் காட்டினாத்தான் அடுத்த வருஷம் நன்கொடை வரும்னு. அவங்க சொன்னதுல நியாயம் இருக்கு, காசு இல்லாம எதுவும் ஓடாது. ஆனா சோதனை நேரத்துல ஒரு சாயங்காலம் நடந்ததை நான் சொன்னேன். ரோந்து போன வாட்சர் ஒருத்தர் கரடிகிட்ட மாட்டிக் கால்ல காயம், கூட இருந்தவர் அவசர பட்டனை அமுக்கினார், முகாம்ல இருந்த பெட்டி கத்துச்சு, இடம் மேப்ல வந்துச்சு, 50 நிமிஷத்துல தூக்கிட்டு வந்துட்டோம். அதுக்கு முன்னாடி வருஷம் அதே பகுதியில இன்னொருத்தர் விழுந்தப்போ தேடிக் கண்டுபிடிக்கவே மறுநாள் காலை ஆச்சு. அந்த வாட்சரோட அம்மா முகாமுக்கு வந்து பெட்டியைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க, இது எல்லாப் பசங்ககிட்டயும் இருக்கான்னு மட்டும் கேட்டாங்க. அதுக்கப்புறம் 12ஐக் குறைக்கிற பேச்சு வரல.

கருவியைவிட நேரம் எடுத்தது யார் போறதுன்னு எழுதறது. சென்சார் 3 அடிச்சா எந்த முகாம், எத்தனை பேர், எந்தத் தடம், யானை நின்னா எங்க காத்திருக்கணும், ரெண்டு பேர் மட்டும் இருந்தா போகவே கூடாது, இப்படி ஆறு சென்சாருக்கும் ஒரு பக்கம் தமிழ்ல எழுதி முகாம் சுவத்துல ஒட்டினோம், எழுதினது வாட்சருங்களேதான், நாங்க எழுதின முதல் வெர்ஷனை அவங்க முழுக்க மாத்திட்டாங்க. சென்சார் 5க்கு நாங்க போட்ட தடம் மழைக்காலத்துல ஓடை நிறைஞ்சா கடக்கவே முடியாதாம். அதனால அஞ்சாவதைப் பிடுங்கி ஓடைக்கு இந்தப் பக்கம், பழைய சந்தன டிப்போ வளைவுல வைக்கப் போறோம். ரெண்டாவது கேட்வேக்குக் கம்பம் வெல்டிங் முடிஞ்சாச்சு, தென்மேற்குப் பருவமழை பிடிக்கிறதுக்குள்ள அதை மேல ஏத்தியாகணும், பன்னெண்டு பேர் தோள்ல தூக்கிட்டுப் போறதா ஏற்பாடு.